கோல்ட்வாட்டர் மருத்துவமனையின் நர்ஸ்

அன்பு மகளுக்கு,

நீ தினமும் வகுப்புக்குப் போய்வரும் வளாகம் 2017-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்த நிலத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது உனக்குத் தெரியுமா? கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனை என்று பெயர். 1939-இல் திறந்தார்கள், 2013-இல் மூடினார்கள், பிறகு இடித்துவிட்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தின் உங்கள் கார்னெல் டெக் வளாகத்தைக் கட்டினார்கள். உனக்கு அட்மிஷன் கிடைத்த நாளிலிருந்து நியூயார்க்கின் அந்த ரூஸ்வெல்ட் தீவைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். மகள் குடியேறிய தீவில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது என்றால், வேலைக்காலம் முழுவதையும் வார்டில் கழித்தவளுக்குச் சும்மா இருக்க முடியுமா?

அப்படிப் படித்துக்கொண்டு போனபோதுதான் ஆல்பர்ட்டா ஹண்டர் என்ற பெண்மணி கிடைத்தார். 1957 முதல் 1977 வரை அந்த மருத்துவமனையில் நர்ஸ். அதற்கு முன்பு ஒரு ஆயுள்காலம் புளூஸ் பாடகி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு அது. அதற்குப் பின்பும் பாடகி.

புதன்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். வங்கியில் வேலை பார்த்த பத்து வருடத்தை ரெஸ்யூமேயில் இருந்து எடுத்துவிடட்டுமா, கூடப் படிக்கிற பிள்ளைகள் எடுத்துவிடத்தான் சொல்கிறார்கள், 37 வயதில் மாணவி என்று தெரிந்தால் கூப்பிடவே மாட்டார்கள் என்றாய். "அந்தப் பத்து வருடம் வீண்தானே அம்மா" என்றும் சொன்னாய். நான் "எடுக்காதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்பதற்குள் உனக்கு வகுப்பு நேரமாகிவிட்டது. போனில் எனக்கு விளக்கிச் சொல்லவும் வராது. அதனால் எழுதுகிறேன். இது நீளமான கடிதம். ரயிலில் போகும்போது படி.

ஆல்பர்ட்டா 1895 ஏப்ரல் 1 அன்று டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா ரயிலில் படுக்கை வசதிப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர். குழந்தை சிறியதாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா லாரா, விபசார விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்காரி. சிகாகோவில் பாட்டுப் பாடினால் பெண்களுக்கு வாரம் 10 டாலர் தருகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் அந்தச் சிறுமி ரயில் ஏறிவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினொன்று என்கிறார்கள் சிலர், பதினாறு என்கிறார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் நான் லாராவாக இருந்திருந்தால் அன்று இரவு என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

போன இடத்தில் முதலில் கிடைத்தது பாட்டு இல்லை. ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவும் வேலை. வாரம் 6 டாலர், தங்க இடம். அதிலும் மிச்சம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினார். மாலையில் பெரிய பெண் மாதிரி உடுத்திக்கொண்டு ஒவ்வொரு கிளப்பாக ஏறி இறங்கிக் கேட்டார். கடைசியில் இடம் கொடுத்தது 'டேகோ ஃபிராங்க்ஸ்' என்ற மதுக்கூடம். தரகர்களும் விலைமாதர்களும் வந்துபோகும் இடம். அங்கே இருந்த பெண்கள்தான் இந்தப் பெண்ணைத் தங்கள் தங்கை போலப் பொத்திப் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆல்பர்ட்டா மரியாதையாகவே பேசியிருக்கிறார். எனக்கு அவரை முதலில் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். 1917 வாக்கில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்களின் பெரிய கேளிக்கைக் கூடமான டிரீம்லேண்டில் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் வாசித்தது கிங் ஆலிவர் என்ற ஜாஸ் கலைஞரின் குழு. மைக் இல்லாத காலம். மேடையில் நின்று பாடிவிட்டுப் போவதோடு முடியாது. ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று பாட வேண்டும். அந்த மேசைக்காரர் முகத்தைப் பார்த்து, அவர் காதலி கோபித்துக்கொண்டாரா, சீட்டாட்டத்தில் தோற்றாரா என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்றாற்போல் வரிகளைத் திருப்பிப் போட்டுப் பாட வேண்டும். டிப்ஸ் அப்படித்தான் வரும். மனிதர்களின் முகத்தை ஒரு நொடியில் படிக்கும் பழக்கம் அவருக்கு அந்த மேசைகளுக்கு நடுவில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு சொல்கிறேன்.

புளூஸ் என்றால் வெறும் சோகப் பாட்டு என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பையன் யூடியூபில் தேடிக் கொடுத்ததைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு வரியைப் பாடுகிறார்கள். அதே வரியை இன்னொரு தரம் பாடுகிறார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதிலாக வந்து விழுகிறது. இரண்டாவது தரம் பாடும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்பவருக்கு ஏக்கம் வந்துவிடும். அந்த ஏக்கத்தை வைத்துத்தான் விளையாட்டே. இது நம் ஒப்பாரி போல என்று யாராவது எழுதியிருந்தால் நம்பிவிடாதே. ஒப்பாரியில் போனவர் போனவர்தான். இதில் விட்டுவிட்டு ஓடிய புருஷன் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று ஒருத்தி நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பாதிப் பாட்டுக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. சில பாட்டுகளில் அர்த்தம் இரண்டு வைத்துப் பாடியிருக்கிறார். எதிர்வீட்டுப் பையன் பக்கத்திலேயே இருந்ததால் எனக்குப் புரியாதது போலவே உட்கார்ந்திருந்தேன்.

1921-இல் முதல் இசைத்தட்டு. பிளாக் ஸ்வான் என்ற நிறுவனத்துக்குப் பாடினார். கறுப்பினத்தவர் ஒருவரே தொடங்கி நடத்திய நிறுவனம் அது. அடுத்த வருடம் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு மாறினார். லவ்வி ஆஸ்டின் என்ற பியானோ கலைஞரோடு சேர்ந்து அவரே எழுதிய 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' பாட்டை அங்கேதான் பதிவு செய்தார். 1923-இல் பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகி கொலம்பியா நிறுவனத்துக்காகத் தன் முதல் இசைத்தட்டில் அதே பாட்டைப் பாடினார். அது லட்சக்கணக்கில் விற்றது. பெஸ்ஸி ஸ்மித் 'புளூஸின் மகாராணி' ஆனது அந்தத் தட்டோடுதான். எழுதியவருக்கு என்ன கிடைத்தது? உரிமையை அவருக்குத் தெரியாமலே கைமாற்றிவிட்டிருந்தார்கள். தன் கைக்கு வந்தது மொத்தம் 368 டாலர்தான் என்று ஆல்பர்ட்டா சொல்வார்.

அதற்குப் பிறகு அவர் பணத்தில் மிகவும் கறாரானவர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, சம்பாதித்ததைச் சேர்த்துவைப்பார். கஞ்சப் பேர்வழி என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். 1924-இல் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கும்போதே, தன் தங்கையின் பெயரான ஜோசஃபின் பீட்டி என்பதைப் போட்டுக்கொண்டு இன்னொரு நிறுவனத்துக்குப் பாடியிருக்கிறார். அந்தத் தட்டில் கூட வாசித்தவர், பின்னாளில் ஜாஸ் மேதையான இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். பெயரை மாற்றுவது, தேதியை மாற்றுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

கல்யாணமும் ஒன்று நடந்தது. 1919-இல் வில்லர்ட் டவுன்செண்ட் என்பவரோடு. சில மாதங்களிலேயே பிரிந்துவிட்டார்கள். அந்த மனிதர் பின்னாளில் ரயில் நிலையச் சுமைதூக்கும் தொழிலாளர்களின் சங்கத் தலைவராகி அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்தார் என்பது வேறு கதை. ஆல்பர்ட்டாவுக்கு நீண்டகாலத் துணையாக இருந்தவர் லாட்டி டைலர் என்ற பெண். அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்ல முடியாது, அவரும் சொல்லவில்லை.

1927-இல் கப்பல் ஏறி ஐரோப்பா போனார். 1928-இல் லண்டனில், டுரூரி லேன் ராயல் தியேட்டரில் 'ஷோ போட்' நாடகம். பாடகர் பால் ராப்சன் அதில் நதியைப் பற்றிப் பாடும் பாட்டு உன் தாத்தாவுக்குக்கூடத் தெரியும். அதே மேடையில் ராப்சனோடு ஆல்பர்ட்டாவும் நடித்தார், சமையல்காரி குவீனியாக. பிறகு பாரிஸ், கோபன்ஹேகன், கெய்ரோ என்று சுற்றினார். 1934-இல் லண்டனின் டார்செஸ்டர் ஹோட்டலில் நடன இசைக்குழுவோடு பாடினார். மெம்ஃபிஸில் பஸ்ஸில் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. போன ஊரின் மொழிகளிலேயே பாட்டுகளைக் கற்றுக்கொண்டு பாடினார். இந்த வருடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஹோட்டல் பெயர்களும் நாடகப் பெயர்களும் படிக்கப் படிக்க மறந்துபோய்விட்டன. உனக்கு வேண்டுமானால் தேடிப் படி.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. அமெரிக்கப் படைவீரர்களை மகிழ்விக்க அனுப்பப்பட்ட கலைக்குழுக்களில், கறுப்பினக் கலைஞர்கள் குழு ஒன்றை 1944-இல் அவர் நடத்திக்கொண்டு போனார். எங்கே தெரியுமா? இந்தியா, பர்மா, சீனப் போர்முனை. அசாமில் லீடோவிலிருந்து பர்மாவுக்குள் காட்டையும் மலையையும் வெட்டிச் சாலை போட்ட அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்தான். பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி போடுவார்கள், மலேரியாவில் விழுவார்கள். அந்த வீரர்கள் இருந்த பகுதிக்குத்தான் இந்தக் குழு போனது. யுத்தம் முடிந்ததும் ஜெர்மனியில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் முன்பும் பாடினார். கொரிய யுத்தத்தின்போதும் போனார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1954-இல் லாரா இறந்தார். மெம்ஃபிஸில் விட்டுவிட்டு ஓடிவந்த அம்மாவை முதலில் சிகாகோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் அழைத்துவந்து கூடவே வைத்திருந்தவர் ஆல்பர்ட்டா. அம்மா போனதும் பாட்டை நிறுத்திவிட்டார். பாட வாய்ப்புக் குறைந்துபோனதும் ஒரு காரணம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாய்ப்புக் குறைந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பதில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த எலும்பு மூட்டு மருத்துவமனையில் சம்பளமில்லாத தொண்டராகப் போய்ச் சேர்ந்தார். 1956-இல் அங்கே அந்த வருடத்தின் சிறந்த தொண்டர் என்று பாராட்டினார்கள். அதோடு நிற்காமல் நர்சிங் படிக்கக் கேட்டார். அறுபதைக் கடந்தவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? வயதில் 12 வருடத்தைக் குறைத்துவிட்டார். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பெண், மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து படித்து, 1957-இல் 62 வயதில், காகிதத்தில் 50 வயதில், நர்ஸ் உரிமம் வாங்கினார்.

பொய்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நம் ஊரில் என் வயதுக்காரர்களில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பார். ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று எழுதிக்கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்தையே பிறந்த மாதமாகப் போட்டுவிடுவார் தலைமையாசிரியர். என் சான்றிதழில் இருக்கும் தேதியில் நானும் பிறக்கவில்லை. உன் பாட்டி சொன்ன கணக்குப்படி அது அறுவடை நேரம்.

இப்போது அந்த 20 வருடத்துக்கு வருகிறேன். ஆல்பர்ட்டாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். 'இருபது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார்' என்று ஒரு வரி. மகா பாடகி பெட்பேன் தூக்கினாரே என்று ஒரு பரிதாபம். பிறகு 1977, கைதட்டல், மறுபிறவி. எனக்கு எரிச்சலாக வந்தது. 20 வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் எப்படி மறைந்து வாழ்ந்தவர் ஆவார்? தினமும் டியூட்டிக்கு வந்தவர் அவர். அவரைத் தேடாதவர்கள்தான் அப்படி எழுதுகிறார்கள்.

கோல்ட்வாட்டர் சாதாரண ஆஸ்பத்திரி இல்லை. நீடித்த நோயாளிகளுக்கென்றே நியூயார்க் நகரம் கட்டியது. நீளமான முதுகெலும்பு போன்ற ஒரு நடைபாதை, அதன் இருபுறமும் கோணலாக விரிந்த கட்டடச் சிறகுகள். எல்லாப் படுக்கைக்கும் வெயிலும் ஆற்றுக் காற்றும் வர வேண்டும் என்று அப்படித் திட்டமிட்டார்கள். நோயாளிகள் வருடக்கணக்கில் இருப்பார்கள். நிறையப் பேர் வீடு திரும்பமாட்டார்கள்.

அப்படிப்பட்ட வார்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்ச காலம் அப்படி ஒரு வார்டில் இருந்திருக்கிறேன், நீ அப்போது நான்காவதோ ஐந்தாவதோ படித்தாய். ஜெனரல் வார்டில் ஆள் வருவார், குணமாகிப் போவார், போகும்போது கும்பிடுவார். இங்கே அந்தக் கும்பிடு கிடையாது. முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். முதலில் இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவப்பு வட்டம். விரலால் அழுத்திப் பார்த்தால் தோல் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரவு மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்த வட்டத்தைப் பார்ப்பதுதான் வேலை. புரட்டும்போது அடியில் விரித்த துணியோடு தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். அதைச் செய்துகொண்டே அவரிடம் பேச வேண்டும். என்ன பேசுவது? அவருக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் இருக்காது. முகத்தைப் பார்த்து, இன்று இவருக்கு என்ன வேண்டும், வம்பா, மௌனமா, மகனைப் பற்றிய பேச்சா என்று கண்டுபிடிக்க வேண்டும். டிரீம்லேண்டில் மேசை மேசையாகப் போன பெண்ணுக்கு அது புதிய வேலையா, சொல்.

இப்படி ஒரு வேலையில் ஒருவர் இருபது வருடம் இருந்தால் அது ஒளிந்துகொள்வதற்காக இருக்காது. ஒளிந்துகொள்ள எத்தனையோ சுலபமான இடம் இருக்கிறது.

கூட வேலை செய்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அவர் சொல்லவில்லை. 1961-இல் இரண்டு நிறுவனங்கள் தேடிவந்து கேட்டன. போய்ப் பாடிப் பதிவு செய்தார், பழைய தோழி லவ்வி ஆஸ்டினோடு சேர்ந்து ஒரு தட்டும் வந்தது. பதிவு முடிந்ததும் மறுபடி வார்டுக்கு வந்துவிட்டார். 'மறைந்து வாழ்ந்தார்' என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு தகவலை என்ன செய்வது என்று தெரியாமல் திணறுகிறார்கள். மேடை வேண்டும் என்றால் அன்றே திரும்பியிருக்கலாம்.

1977-இல் 70 வயது ஆகிவிட்டது என்று கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். உண்மையில் 82. அவருக்குப் போக மனமே இல்லை. எனக்கு 58-இல் ஓய்வு கொடுத்து, சால்வை போட்டு, இனிப்பும் காரமும் கொடுத்து அனுப்பினார்களே, அன்று வீட்டுக்கு வந்து நான் யாரோடும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன் என்று உன் அப்பா இன்னும் சொல்லிக்காட்டுவார். 82 வயதில் அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. ஒரு விருந்தில் அவர் பாடியதைக் கேட்ட ஒருவர், பார்னி ஜோசஃப்சனிடம் சொன்னார். 1938-இல் கஃபே சொசைட்டி என்ற கிளப்பைத் தொடங்கி, பாடகி பில்லி ஹாலிடேயைப் பாடவைத்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவைத்த மனிதர். அப்போது அவர் கிரீனிச் வில்லேஜில் 'தி குக்கரி' என்ற உணவகம் நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபர் 1977-இல் சில நாட்கள் பாட வந்த ஆல்பர்ட்டா, ஏறக்குறைய ஆறு வருடம் அங்கேயே பாடினார். காதில் பெரிய வளையங்கள், பியானோவில் ஜெரால்டு குக். கார்ட்டர் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் பாடினார். 1980-இல் 'ஆம்ட்ராக் புளூஸ்' தட்டு வந்தது. அதைத் தயாரித்தவர் ஜான் ஹாமண்ட். பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவை 1933-இல் செய்தவரும் அவரேதான். பெஸ்ஸி 1937-இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்துவிட்டார். அவர் கல்லறைக்கு 1970 வரை கல்கூட இல்லை. இவரோ 1984 அக்டோபர் 17 வரை, 89 வயது வரை இருந்தார். கடைசி வருடங்களில் குடியிருந்ததும் நீ இருக்கும் அந்தத் தீவில்தான்.

யூடியூபில் குக்கரி நிகழ்ச்சிகளில் சிலவற்றைப் பார்த்தேன். குரல் கனத்துப்போய், அடியில் மணல் இறங்கியிருக்கிறது. 1922-இல் பாடிய அதே பாட்டை எண்பதைத் தாண்டிப் பாடும்போது வரிகளுக்கு நடுவில் காத்திருக்கிறார். அவசரமே இல்லை. இரண்டாவது முறை அந்த வரியைச் சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவரை அதட்டிப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது. மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நோயாளியை சீனியர் சிஸ்டர் அப்படித்தான் பார்ப்பார். விமர்சகர்கள் அந்தக் குரலை வயதின் கொடை என்று எழுதுகிறார்கள். வயது மட்டும் அப்படிச் செய்யாது. வயதான பாடகர்களை நானும்தான் கேட்டிருக்கிறேன்.

ரெஸ்யூமே விஷயத்துக்கு வருகிறேன். அவர் 12 வருடத்தை வெட்டினார், நீ பத்து வருடத்தை வெட்டப் பார்க்கிறாய், என்ன வித்தியாசம் என்று கேட்பாய். உன் வாய் எனக்குத் தெரியும். அவர் வெட்டாமல் இருந்திருந்தால் வகுப்புக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார்கள். நீ உள்ளே போய்விட்டாய். 37 என்று தெரிந்தேதான் உனக்கு இடம் கொடுத்தார்கள். இப்போது வெட்டினால் என்ன போகிறது என்று பார். கிராமத்துக் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் மூன்று வருடம் உட்கார்ந்தாய். விதைப்புக்கு முன்பு வளையலைக் கொண்டுவந்து வைத்த பெண்கள் அறுவடைக்குப் பிறகு மீட்டுக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் நீ. தவணை கட்டாமல் ஓடுகிறவன் யார், கட்ட முடியாமல் தவிக்கிறவன் யார் என்று ஆளைப் பார்த்தே உனக்குத் தெரியும் என்று உன் மேலாளரே சொல்லியிருக்கிறார். இப்போது நீ அங்கே படிப்பது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்கிறது என்பதைத்தானே? கூடப் படிக்கும் 24 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் கடன் வாங்க வந்தவரை நேருக்கு நேர் பார்த்திருப்பார்கள்?

அதனால் என் யோசனை இது. பத்து வருடத்தையும் பத்து வரியில் எழுத வேண்டாம். பதவி உயர்வு, பயிற்சி முகாம், கேடயம் எல்லாவற்றையும் எடுத்துவிடு, அதை யாரும் படிக்கப்போவதில்லை. நகைக்கடனையும், வசூலுக்குப் போன வேலையையும் மட்டும் இரண்டு வரியில் எழுதி முதலில் போடு. வருடத்தையும் போடு. அதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிற நிறுவனத்தில் உனக்கு வேலை கிடைத்தும் என்ன லாபம், அங்கே நாற்பது வயது ஆனதும் உன்னை வெளியே அனுப்பத்தான் வழி பார்ப்பார்கள்.

"இந்த வயதில் எதற்குப் படிப்பு" என்று உன் பெரியம்மா கேட்டதைப் பற்றி நீ வருத்தப்பட்டாயாம், அப்பா சொன்னார். பெரியம்மாவுக்கு நான் ஆல்பர்ட்டாவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பென்ஷன் வந்ததா அந்த அம்மாளுக்கு?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

உங்கள் வளாகத்தில் புளூம்பெர்க் சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறதாம். இலியா பொலட்டாவ்ஸ்கி என்பவர் கோல்ட்வாட்டர் நோயாளிகளின் ஓய்வறைக்காக வரைந்தது. இடிக்கும்போது காப்பாற்றி அங்கே வைத்திருக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஆல்பர்ட்டாவை அடக்கம் செய்திருப்பது ஹார்ட்ஸ்டேல் என்ற ஊரில் ஃபெர்ன்கிளிஃப் கல்லறைத் தோட்டத்தில். பால் ராப்சனும் அங்கேதான் இருக்கிறார். அவ்வளவு தூரம் நீ போக வேண்டாம், நான் வரும்போது சேர்ந்து போகலாம்.

கேட்பதாக இருந்தால் 1980 தட்டை முதலில் கேள். பழையதை முதலில் கேட்டால் கரகரப்பில் உனக்குப் பொறுமை போய்விடும்.

இரண்டாம் தவணை ஃபீஸுக்கு அப்பா வைப்புத் தொகையை உடைக்கலாமா என்று யோசிக்கிறார். வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். என் பென்ஷன் அரியர்ஸ் வந்திருக்கிறது, அதிலிருந்து அனுப்புகிறேன். எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று மட்டும் எழுது. டாலர் விலை ஏறிக்கொண்டே போகிறது, கடைசி நாள் வரை காத்திருக்காதே.

அன்புடன்,
அம்மா